அபாயத்தோடு வாழ்பவர்கள்

அப்புத்தளைக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் ஆய்வு வாய்ப்புக்கு விண்ணப்பித்தபோது அங்கேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தைத்தான் எழுதினேன். சமூகவியல் துறையில் அந்த வருடம் ஒரே ஒரு மாணவனுக்குத்தான் இடம். அறிவிப்புப் பலகையில் கஜேந்திரன் என்ற என் பெயர் ஏறியது.

மண்சரிவு அபாயத்தோடு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே தலைப்பு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்தின் ஏழு குடும்பங்களிடம் மழைக்கு முன் ஒரு தடவையும் மழைக்காலத்தில் ஒரு தடவையும் பேச வேண்டும்.

முதல் தடவை போனபோது மாடசாமி தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. வீட்டுக்குப் பின்னால் மலையிலும் அதே கோடு ஓடியது. அவர் மனைவி ஜீவராணி தேத்தண்ணி தந்துவிட்டு, ஏழு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை நீட்டினாள். கையெழுத்துகளுக்கு மேலே விவரத்தைச் சிங்களத்தில் எழுதி, பதுளையில் உரிய அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினேன். என் சிங்களம் சுத்தமானது.

பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் யோசித்தேன். அதிகாரிகள் வந்தால் எல்லாரையும் இடம் மாற்றிவிடுவார்கள். பிறகு யாரிடம் போய்ப் பேசுவது? ஆய்வு செய்பவன் களத்தில் தலையிடக் கூடாது என்று முதல் வருடத்திலேயே படிப்பித்திருந்தார்கள். கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டேன். பின்னிணைப்புக்கு உதவும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மாடசாமி தொலைபேசியில் கடிதத்தைப் பற்றிக் கேட்டபோது, கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். பண்டாரவளையில் தங்கை வீட்டுக்குப் போவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

"பாக்க ஆள் வர்ற நேரம் வீடு பூட்டியிருந்தா லிஸ்ட்டுலருந்து பேர வெட்டிருவாங்க தம்பி. நாங்க இங்கனயே இருக்கோம்."

அது அவராக எடுத்த முடிவு. இருக்கும்படி நான் சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மலை சரிந்து இறங்கியது. கொழுந்து எடுக்கப் போனவர்கள் தப்பினார்கள். வீடுகளில் இருந்த ஒன்பது பேரும் மண்ணுக்குள். மாடசாமி காய்ச்சலென்று அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மூன்று வயது மகளும் அவரோடு இருந்தாள்.

ஜீவராணியைப் பாடசாலை முகாமில் பார்த்தேன்.

"லெட்டர குடுத்தீங்கதானே சேர்?"

"குடுத்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப அவங்கதான் வரல்ல."

பொய்தான், மறுக்கவில்லை. அந்த நிலையில் உண்மையைச் சொல்லி அவளை மேலும் வதைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். முதலில் அவளுடைய சம்மதத்தைக் கேட்டேன். சம்மதம் இல்லாமல் நான் யாரையும் பதிவு செய்ததில்லை.