கடல் பக்கத்துக் கமரா

கொட்டாஞ்சேனைப் பெரிய கோயிலின் குவிமாடத்தை மின்கம்பி படாமல் படம் பிடிக்க ஓரிடம்தான் உண்டு: எதிரே உள்ள ஒரு வீட்டின் மொட்டைமாடி. அந்த வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்க ஒரு பின்னேரம் முழுக்க அவருடைய சீனி வியாதியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொலைக்காட்சி நாடகங்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அதற்கு முன் பத்திரிகையில் நிருபராக இருந்தேன். போர் தொடங்கிய பிறகு கமராவோடு யாழ்ப்பாணம் போக முடியாது. ஆகவே கொழும்பிலேயே யாழ்ப்பாணத்தை உண்டாக்கினேன். ஜிந்துப்பிட்டியில் ஒரு கோயில் வாசல், வத்தளையில் கிணறுள்ள ஒரு வளவு. பார்த்தவர்கள் தங்கள் ஊர் என்றே அழுதார்கள்.

இதைக் கேட்க நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வரவில்லை என்பது தெரியும். உங்கள் தம்பி தவநேசனைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். நீங்கள் இருங்கள் தங்கச்சி, நான் நின்றபடியே சொல்கிறேன். ரயில் போகும்போது என்னால் இருக்க முடிவதில்லை. மட்டக்குளிக்கு வீடு மாறிய பிறகும் அது கேட்கிறது. இங்கே பக்கத்தில் தண்டவாளம் கிடையாது.

வெள்ளவத்தையில் நான் இருந்த ஒழுங்கையின் மேல்முனை காலி வீதியில் ஏறும். கீழ்முனை தண்டவாளத்தில் முடியும், அதற்கப்பால் கடல். நடுவில் ஒரு வளைவு. வளைவுக்குக் கீழே நிலாம் நடத்திய லொட்ஜில் உங்கள் தம்பி கனடா விசாவுக்காகக் காத்திருந்தார். அருந்ததி அக்கா என்று உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு காலாவதியாகிப்போயிருந்தது. புதுப்பிக்கப் போனால் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று பயம். முன்பு ஒருமுறை பிடித்து வைத்திருந்தார்கள், என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. காலையில் சாப்பாடு வாங்கக் கேற்றடிக்கு வந்து நிற்பார். நான் வீதியிலிருந்து இறங்கி வந்தால் கேட்பார்: “அண்ணை, சந்தியிலை செக்கிங் நிக்குதோ?”

நின்றால் நிற்கிறது என்பேன், இல்லாவிட்டால் போகச் சொல்வேன். ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை. ஆமி நின்ற நாட்களில் அவருக்கு நானே பாண் வாங்கிக் கொடுத்ததும் உண்டு.

அப்போது ஹெக்டர் என்ற இயக்குநர் ஒரு சிங்கள நாடகம் எடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு தமிழ்ப் பையன் சோதனைச் சாவடியைக் கண்டு திரும்பி ஓடவேண்டும். நடிகன் நல்ல பையன்தான், ஆனால் ஓடத் தெரியவில்லை. “பாலா, இவன் பாணந்துறை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான்” என்றார் ஹெக்டர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி ஓடவேண்டும் என்று அறிந்த ஒருவர் என் ஒழுங்கையிலேயே இருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் காட்சிக்கு எங்கள் ஒழுங்கையையே இடமாகக் கொடுத்தேன். படப்பிடிப்புக்கு முதல்நாள் வீடு வீடாகப் போய்ச் சொல்வது என் வழக்கம். சீருடை போட்ட நடிகர்களைச் சொல்லாமல் இறக்கினால் அந்த நாட்களில் யாராவது மாடியிலிருந்து குதித்துவிடுவார்கள். பொலிசுக்குச் சொன்னேன், அனுமதி எடுத்தேன், ஒவ்வொரு கதவையும் தட்டினேன். நிலாமிடம் மட்டும் படப்பிடிப்பு ஒருநாள் தள்ளிப் போய்விட்டது என்றேன்.

“நல்லம் பாலா அண்ணே, அந்தப் புள்ளகிட்டயும் சொல்லி வைக்கிறன், இல்லாட்டி உசிரே பெயித்திரும்” என்றார் நிலாம். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

ஹெக்டரிடம், ஓடிக் காட்டத் துணை நடிகர் ஒருவர் கிடைத்துவிட்டார், ஒத்திகை தேவையில்லை என்றேன். காலையில் வளைவுக்கு மேலே மணல் மூட்டைகளை அடுக்கினோம், மரத் துப்பாக்கிகளோடு நடிகர்கள் நின்றார்கள். நான் கீழே இறங்கி வந்தேன். உங்கள் தம்பி கேற்றடியில் நின்றார். வழக்கம்போலக் கேட்டார்.

“இல்லைத் தம்பி, போங்கோ” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். கையில் ஒரு துணிப்பை. வளைவைத் தாண்டியதும் நின்றார். நடிகர்களில் ஒருவன் பாடம் பண்ணியபடி சிங்களத்தில் நிற்கச் சொல்லி அதட்டினான். உங்கள் தம்பி திரும்பினார். என்னைக் கடந்து ஓடியபோது என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. என்னையும் ஓடச் சொல்வது போல இருந்தது. நான் சுவரோடு ஒதுங்கினேன், கடல் பக்கத்துக் கமராவை மறைக்கக் கூடாது என்பதற்காக.

ரயில் போய்விட்டிருக்க வேண்டிய நேரம் அது. பிந்தி வந்தது. மரண விசாரணையில் அப்படித்தான் சொன்னேன். அது உண்மை.

நீங்கள் விசாரணையில் யாரும் கேட்காததைக் கேட்கிறீர்கள். சாவடிக் காட்சிக்குக் கடல் பக்கத்தில் எதற்கு இரண்டாவது கமரா என்கிறீர்கள். நிருபர்களுக்கு வேண்டிய மூளை உங்களுக்கு இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று ரயில் நேரத்தை ஸ்டேசனில் விசாரிப்பதும் என் வேலை. அன்று காலையும் விசாரித்தேன். பிந்துகிறது, இப்போதுதான் முந்திய ஸ்டேசனான பம்பலப்பிட்டிக்கு வருகிறது என்றார்கள். அதை யாருக்கும் சொல்லவில்லை. ஓடுகிறவனுக்குப் பின்னால் ரயில் போனால் காட்சி நன்றாக இருக்கும் என்று கமராவை அங்கே வைக்கச் சொன்னவன் நான். ரயிலைக் கண்டால் எவரும் நிற்பார்கள் என்று நினைத்தேன். பின்னால் ஆமி வருகிறது என்று நம்புகிறவர் நிற்கமாட்டார். அப்படி நம்ப வைத்தவனும் நான்தான். இவ்வளவும் நான் செய்தது. எழுதித் தரச் சொன்னாலும் தருவேன்.

ஆனால் அநியாயமாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். அந்தக் காட்சியை நாங்கள் நாடகத்தில் சேர்க்கவில்லை. ஹெக்டர் அதைப் பார்க்கவே மறுத்தார். நடிகனுக்கு மட்டும் நான் நாலைந்து தடவை போட்டுக் காட்டினேன். பிறகு அதே ஒழுங்கையில் திரும்ப எடுத்தோம், அவன் மிக நன்றாக ஓடினான். அதன்பின் நாடாவை நானே அழித்துவிட்டேன்.

வரும் மாதம் நாடகம் தொலைக்காட்சியில் போகிறது. கவனமாகப் பாருங்கள் தங்கச்சி. உங்கள் தம்பி அதில் ஓரிடத்திலும் வரமாட்டார். அவருடைய மரியாதைக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டேன்.