ட்ரோனின் காலில் கட்டிய மஞ்சள் பட்டை

எனது பெயரும் படை எண்ணும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது பத்தொன்பது. படையில் சேரும்வரை அம்மாவுடன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தேன். ட்ரோன் இயக்குவது என் வேலை. இறந்துபோன சிப்பாயை, கழுத்து நீளம் என்பதால், நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடுவோம். எனக்குத் துணையாக பேட்டரி மாற்றிக் கொடுத்துவந்தான். இருவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள்.

எங்கள் படையில் ஆளானாலும் ட்ரோனானாலும் மஞ்சள் பட்டை கட்டியிருக்க வேண்டும். பட்டை இல்லாவிட்டால் எதிரி என்று கொள்ளும்படி உத்தரவு. சம்பவத்தன்று காலை என் ட்ரோனின் பட்டை அறுந்துபோயிருந்தது. வேறு பட்டை கைவசம் இல்லை. "நம்ம பசங்களே இதச் சுட்டுருவானுங்க மச்சான்" என்றேன். அவன் தன் கையில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து ட்ரோனின் காலில் கட்டினான். "அப்ப நீ?" என்று கேட்டதற்கு, "இந்தக் கழுத்தப் பாத்தும் எவனாவது வேற ஆளுன்னு நினைப்பானா? நீ உன் பொண்டாட்டிய ஒழுங்கா ஓட்டு" என்றான். ட்ரோனை அப்படித்தான் சொல்வான்.

அதன் பிறகு நான் எதிர்ப்பக்கத்தை நோட்டமிட்டுத் திரும்பும்போது ட்ரோன் பழுதாகி, நாங்கள் பதுங்கியிருந்த சுவருக்கு அப்பால் வயலில் விழுந்தது. கேமரா மட்டும் வேலை செய்தது. அவன் எடுத்து வருவதாகச் சொல்லிப் போனான். குனிந்து நடந்துதான் போனான். திரையில் சாய்ந்த புல் தெரிந்தது, அதன் பிறகு அவன் பூட்ஸ் தெரிந்தது, அதன் பிறகு முகம் தெரிந்தது. கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்தினான். அப்போது எங்கள் படையிலேயே பக்கத்துப் பிரிவின் ட்ரோன் சத்தம் மேலே கேட்டது. வயர்லெஸ்ஸில் "நம்ம ஆளு, நம்ம ஆளு" என்று கத்தினேன். அதற்குள் அது குண்டைப் போட்டுவிட்டது. திரை இருண்டது.

அதன் பிறகு நாங்கள் போய்ப் பார்த்தபோது என் ட்ரோன் அவன் மார்புக்குக் கீழே இருந்தது. பட்டை அதன் காலில், அவன் போட்ட இரட்டை முடிச்சு அவிழாமல் இருந்தது. அந்தப் பட்டையைத்தான் இங்கே விசாரணை மேசையில் வைத்திருக்கிறார்கள்.

பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரிப் பக்கம் ஓடியபோது கொல்லப்பட்டான் என்று பக்கத்துப் பிரிவினர் கூறியிருப்பதாக அறிகிறேன். அவன் அக்காவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். அவர் எனக்குப் போன் செய்து, "நெஜமாவே ஓடுனானா தம்பி? நீ பாத்தியா?" என்று கேட்டார். "ஓடலக்கா" என்றேன். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க சொல்லு" என்றார். அதனால் நானாகவே கேட்டு இதைச் சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை விசாரணை அதிகாரி படித்துக் காட்டினார். ஓரிடத்தில் "ஓடிப்போன சிப்பாய்" என்று இருந்தது. அது நான் சொன்னது அல்ல. அதை அடித்து, "ட்ரோனை எடுக்கப் போன சிப்பாய்" என்று திருத்திய பின், மற்ற யாவும் நான் சொன்னபடியே இருப்பதாகவும் உண்மை என்றும் ஏற்று, அடித்த இடத்தில் ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)