தவறாத டிவிடெண்ட்

எனக்குத் தோல் வாடை ஆகாது, மேடம். ஆம்பூரில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும். ஊறவைத்த தோலும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த நாற்றம் அப்பாவின் சட்டையில் இருந்தது, அவர் தொட்ட சோற்றில் இருந்தது. அதைவிட்டு விலகத்தான், மூடிக்கிடந்த ஷூ ஃபேக்டரியை வாங்கி மருந்து கம்பெனி ஆக்கினேன். புற்றுநோய்க்காரர்களின் வலிக்குச் சொட்டு மருந்து. கஞ்சா இலைச் சாற்றை நல்லெண்ணெயில் கலப்பது. முறையான லைசென்ஸ் இருந்தது. சாறு வடக்கேயிருந்து சீல் வைத்து வரும்.

முதலீடு திரட்டப் பங்குச்சந்தைக்குப் போனேன். இந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்கள் டிவிடெண்ட் கொடுப்பதில்லை. வருகிற லாபத்தைத் திரும்பத் தொழிலிலேயே போட்டுவிடுவார்கள். நான் மட்டும் காலாண்டு தவறாமல் டிவிடெண்ட் உண்டு என்று அறிவித்தேன். தோல் வியாபாரம் படுத்துக் கிடந்த சமயம். தோல் பதனிடும் ஷாப்பை விற்றவர்கள் கையில் இருந்ததை என்னிடம் கொண்டுவந்தார்கள். மேல்விஷாரம் முக்தார் அகமது அப்படி வந்தவர்தான்.

பிறகு சாற்றின் விலை ஏறியது. ஆண்டுக் கூட்டத்தில், இந்த முறை டிவிடெண்ட் இல்லை என்று சொல்லிப்பார்த்தேன். ஒருவர் பிரியாணிக் கையைக் கழுவாமலே வந்து மைக்கைப் பிடுங்கினார். மைக்கில் நெய் வழிந்தது. முக்தார் பாய் மட்டும்தான் கூச்சல் போடவில்லை. கூட்டம் கலைந்ததும் ஓரமாக வந்து சொன்னார்.

“ராஜ் சார், ஷாப்ப வித்துட்டு உங்கள நம்பி வந்துட்டேன். என் சம்சாரம் குர்ஷித்துக்கு எலும்புல கேன்சர். டிவிடெண்ட் வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகமுடியும். நிறுத்திடாதீங்க.”

லாபத்திலிருந்துதான் டிவிடெண்ட் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். நான் சட்டத்தை மதிக்கிறவன். அதனால் லாபத்தை உண்டாக்கினேன். சாற்றைப் பாதியாகக் குறைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. வலியில் இருப்பவர்கள் புகார் எழுதுவதில்லை. சில மாதங்களில் அடியோடு நிறுத்திவிட்டேன். பரிசோதனைக்குப் போகிற பாட்டில்களில் மட்டும் அசல் மருந்து. மற்றதெல்லாம் பச்சைச் சாயம் போட்ட நல்லெண்ணெய். பங்கு விலை ஏறியது. முக்தார் பாய் இனிப்புப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்.

அவர் கூப்பிட்டதால் ஒருநாள் மேல்விஷாரம் போனேன். அறைக்குள் நுழைந்ததுமே அந்தப் பழைய வாடை முகத்தில் அடித்தது. இது தோல் இல்லை, படுக்கையில் கிடந்த குர்ஷித் அம்மாவின் முதுகுப் புண். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன். பாய் டீ எடுக்க உள்ளே போனார். அந்த அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார்கள்.

“மருந்துல நல்லெண்ணெய் வாசம்தான் அடிக்குது சார். நீங்களே சொல்லுங்க, இதுல இன்னா இருக்கு?”

“நம்பி சாப்பிடுங்கம்மா,” என்றேன்.

“நம்பித்தான் சாப்பிடறேன். வலி கம்மியாவலியே.”

பாய் டீயோடு திரும்பி வந்து, “ரொம்ப பேஜாரா இருக்கு இவளுக்கு. நம்ம கம்பெனி மருந்து இல்லன்னா இன்னா ஆவுமோ,” என்றார். நம்ம கம்பெனி என்றார், கவனியுங்கள். அப்போது அந்த அம்மா கத்த ஆரம்பித்தார்கள். மனிதக் குரல் மாதிரி இல்லை. கண்ணாடி டம்ளர் என் கையில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தது.

வெளியே என் காரில் இரண்டு அசல் பாட்டில்கள் இருந்தன. மறுநாள் பரிசோதனைக்கு அனுப்பவேண்டியவை. ஒன்றைக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒருதடவை வலி அடங்கிவிட்டால், அடுத்த பாட்டிலில் வித்தியாசம் தெரிந்துபோகும். நிதானமாக யோசித்துத்தான் காரை எடுத்தேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம்கூட அந்த அம்மா உயிரோடு இல்லை. ஜனாஸா முடிந்தபின் துக்கம் கேட்கப் போனேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

“சொட்டு சொட்டா குடுத்துப் பாத்தேன் சார். கேக்கல. அவ துடிச்ச துடிப்பு தாங்காம பாட்டில் முழுசா வாயில ஊத்திட்டேன். விடியறதுக்குள்ள போய்ட்டா. நான்தான் ஜாஸ்தி குடுத்துக் கொன்னுட்டேனா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பாட்டில் ஒரு பூனையைக்கூடத் தூங்கவைக்காது. ஆனால் வாசலில் பங்குதாரர்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த டிவிடெண்ட் அறிவிப்பும் வரவிருந்தது.

“பாய், நடந்தது நடந்துபோச்சு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்,” என்றேன்.

அவர் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஈரம் பட்டது. காருக்குப் போனதும் கழுவிக்கொண்டேன்.

மனிதர் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, மனைவியைக் கொன்றேன் என்று சரணடைவார் என நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கொடுத்த காலி பாட்டிலை நீங்கள் பரிசோதனைக்கு அனுப்புவீர்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. ஆமாம், மேடம். பாட்டிலிலிருந்து மருந்துச் சாற்றை நீக்கியது நான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. எத்தனை பேர் அதைக் குடித்தார்கள் என்று கேட்கிறீர்கள். நான் அப்படி எண்ணிப்பார்த்ததில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் குடித்திருப்பார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பரிசோதனை முடிவை முக்தார் பாயிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். சொல்லாதீர்கள். கொன்றவன் என்று நினைத்துக்கொண்டிருந்தாலும், கடைசியில் அவள் வலியையாவது நிறுத்தினோம் என்ற ஆறுதல் அவருக்கு இருக்கிறது. அதையாவது நான் அவருக்குக் கொடுத்திருக்கிறேனே.