கிரேனுக்கேற்ற ரோட்டர்

ஹலோ… ஆமா, ஆமா, அக்காதான். சொல்லுடா தம்பி… கேக்கல, அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல, கொஞ்சம் தள்ளி வா… ம், இப்ப சொல்லு.

…அணைக்கட்டு கரண்ட் மெஷின் ஓடுதா? ஓடாம? உள்ள சுத்தறது நான் வரைஞ்ச ரோட்டராச்சே… ஆமா… ஆமா… முழு லோடுலயா? இன்னும் பத்து நிமிஷத்துல லோடை, அதான் வெளிய போற கரண்டை, ஒரேயடியா கழட்டி டெஸ்ட்டா. சரி, செய்ங்க. அதுக்கு ஏன் என்னைக் கூப்புடறே?

…என்னது? திரும்பச் சொல்லு. எத்தனை டன் கொறைச்சீங்க?

…நாப்பதா!

…இரு, இரு. நான் வரைஞ்ச எடைய கிரேன் தூக்கலன்னு ரோட்டரைக் கொறைச்சீங்களா? லாரியில யானை ஏறலன்னா காலை வெட்டுவீங்களா?… யாரு சொன்னா?… மேனேஜரா. அதானே பாத்தேன். "ரோட்டரைச் சுத்தி அடுக்கற இரும்புத் தகடுதானே, மேல ஒரு சாண் அடுக்காம விட்டா என்ன"ன்னாரா? மகராசன்! மண்டையில களிமண்ணுகூட இல்ல, களிமண்ணாவது சட்டி பானைக்கு ஆகும்.

…ஆமா, ஓடும். இப்ப ஓடும்டா, யாரு இல்லேன்னா? லோடைக் கழட்டினா தண்ணி உடனே நின்னுடுமா? தண்ணிக் கதவு மூடவே எட்டு செகண்டு ஆகும். அதைவிட வேகமா மூடினா அழுத்தத்துல குழாய் வெடிக்கும். அந்த எட்டு செகண்டும் தண்ணி தள்ளிட்டேதான் இருக்கும். வேகம் தலைக்கேறாம இழுத்துப் புடிக்கிறதே அந்த எடைதான். அவரு வீண்னு கழிச்சுவிட்டாரே, அதே நாப்பது டன்!

…என் மேல அவருக்கு இளக்காரம்னு எனக்குத் தெரியாதா? மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொன்னாரே, "ரோட்டரும் உங்கள மாதிரியே குண்டு மேடம்"னு. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும்தான்… சிரிச்சே, நான் பாத்தேன். வலிச்சுதுடா. சரி, அது இப்ப வேண்டாம்.

ஓட்டறதுக்கு முன்னாடி மேலருந்து பாத்தியா? தகடுல மாட்டின காந்தக்கட்டைங்க எப்படி இருந்துச்சு?… தகடுக்கு மேல ஒரு சாண் நீட்டிட்டு இருந்துச்சா. அப்ப அந்த ஒரு சாணைப் புடிக்க அங்க இரும்பே இல்ல. ஒரு கட்டை மூணு டன். சுத்தறப்ப ஐநூறு டன்னா வெளிய இழுக்கும். வேகம் ஒன்றரை மடங்கு ஏறிச்சுன்னா ஆயிரத்துக்கு மேல. முப்பது கட்டை இருக்கு. ஒண்ணே ஒண்ணு பிச்சுக்கிட்டா போதும்.

…நீ எங்க நிக்கிறே?… மெஷின் குழி பக்கத்துலயேவா? உன்கூட?… ஆறு பேரா. மேனேஜர்?… மேல, கண்ணாடி ரூம்ல. ஆமா, ஆமா, தன் உயிருன்னா மட்டும் வெல்லக்கட்டி.

டேய், நிறுத்துடா. லோடைக் கழட்டாதே, மெதுவா எறக்கு. தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா கொறை. பேனல் உன் கைப்பக்கம்தானே இருக்கு?… கேட்டுட்டுச் செய்யறியா? யாரை? நீ அவரைக் கேப்பே, அவரு கிரேனைக் கேப்பாரு!

…வேலை போயிடுமா? போகட்டும். மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. உன் பொண்டாட்டி புள்ளைக்கு நான் சோறு போடறேன். அவ வந்து "எங்க அண்ணி அவரு"ன்னு கேட்டா பதில் சொல்லத்தான் என்னால முடியாதுடா.

…எறக்கறியா? எறக்குடா தம்பி, எறக்கு… ம்… எறங்குதா… பாதியா… ஆமா, சத்தம் கொறையுது, எனக்கே கேக்குது. பேசாதே, பேனலைப் பாரு… ம்… ம்…

…நின்னுடுச்சா?

…சரி. சரிடா. அழாதே, ஆறு பேரு பாக்கறாங்க… நானா? நான் எங்க அழறேன், ஜலதோஷம்.

…என்ன, மேனேஜர் படியில ஓடி வர்றாரா? வரட்டும். இன்னிக்காவது உடம்பு கொஞ்சம் வளையட்டும். போனை அவர்கிட்ட குடு… ஏன் எதுக்குன்னு கேக்காதே, குடு.

…ஹலோ, சார்? வணக்கம். அந்த குண்டு ரோட்டரை வரைஞ்ச குண்டம்மா பேசறேன்… கத்தாதீங்க சார், மூச்சு வாங்குது பாருங்க. டெஸ்ட்டை நான் வேண்டாம்னு சொல்லல. இப்பவே திரும்ப ஓட்டலாம், லோடையும் கழட்டலாம். குழி பக்கத்துல என் தம்பி நின்ன இடம் காலியா இருக்கு. நீங்க வந்து நிக்கிறீங்களா?

…தம்பி, நீயா? போனை உன்கிட்டயே குடுத்துட்டாரா? அவரு எங்கடா?… திரும்பவும் கண்ணாடி ரூமுக்கா!