கொட்டிப்போன கிராம்பெண்ணெய்

வாய மூடாதக்கா, பஞ்சு வச்சிருக்கேன். வலிச்சா கையத் தூக்கு. சொத்தைய எடுத்தாச்சு, இப்போதைக்கு மருந்து வச்சு அடைச்சு விடறேன். இது யூஜினால். பேரக் கேட்டு முழிக்காத, கிராம்புக்கு வாசனை குடுக்குற சமாச்சாரம்தான். இந்த வெள்ளப் பொடியில கொஞ்சம் விட்டுக் குழைச்சா நல்லா இறுகிடும், வலியும் அடங்கிடும். பல் டாக்டர் ரூம்னாலே ஒரு வாசனை அடிக்கும்ல, அது இதோடதுதான். கல்யாணமான புதுசுல, கிராம்பு டப்பாவக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்னு அவர் என்னைக் கேலி பண்ணுவார். சிரிக்காத, பஞ்சு நகருது.

போன வாரம் நம்ம நர்ஸ் பொண்ணு கை தவறி இந்த மருந்து பாட்டில் ஒண்ணக் கீழ போட்டு உடைச்சுட்டா. தரையெல்லாம் ஓடிருக்கு. வெளிய உக்காந்திருந்தவங்க கர்சீப்பால மூக்கப் பொத்திக்கிட்டு தெருவுக்கே போயிட்டாங்களாம். நான் அப்பத்தான் சாப்பிட்டுட்டு உள்ள வரேன். யாரும்மா இங்க தண்ணியக் கொட்டுனதுன்னு கேட்டேன். அவ என்னையே பாக்குறா. கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்டா போல. நானும் சிரிச்சுச் சமாளிச்சேன். அவ துடைச்சு முடிக்கிற வரைக்கும் இதே நாற்காலியில உக்காந்துட்டேன்.

ஜலதோஷம்லாம் இல்லக்கா. காய்ச்சலும் வரல. வீட்டுக்குப் போய் கதவச் சாத்திக்கிட்டு சோப்பு, காப்பிப்பொடி, அவரோட சென்ட்டு, எல்லாத்தையும் மோந்து பாத்தேன். வெறும் கண்ணாடிய மோந்த மாதிரி இருக்கு. அதுலேர்ந்து பால அடுப்புல வச்சா, தீஞ்சாலும் தெரியாதேன்னு அந்த இடத்த விட்டு நகர்றதில்ல. என்ன, அடுப்படியே கதின்னு நிக்கிறன்னு அவர் கேக்குறார்.

ஏன் கையத் தூக்குற, வலிக்குதா? இல்லல்ல, அப்பக் கீழ வை. நீ என்ன சொல்ல வர்றன்னு தெரியும். மூக்குல சதை வளந்திருக்கும், வைட்டமின் கம்மியா இருக்கும், ஆயிரம் காரணம் இருக்கும். நானும் எனக்கு அதத்தான் சொல்லிக்கிறேன். ஆனா நேத்து வழக்கமா வர்ற அம்மா ஒருத்தங்க பேரு சட்டுன்னு வாயில வரல. எல்லாருக்கும் நடக்குறதுதான். ஆனா நான் அவங்க சீட்ட எடுத்துப் பாத்துத்தான் கூப்பிட்டேன்.

மெதுவாக் கடிச்சுக்கோ. அப்படியே இரு, இறுகட்டும். அது வரைக்கும் உன்னால குறுக்கப் பேச முடியாது, அதான் இப்பவே சொல்லிடறேன்.

அப்பாவுக்கும் முதல்ல மூக்குதானக்கா போச்சு. சோத்துல வாசனையே இல்லன்னு அம்மாகூட மல்லுக்கு நிப்பாரே, நாம சிரிச்சோமே. அப்புறம்தான ஒவ்வொண்ணா மறந்தார். ஊட்டிவிட்ட உன்னையே யாரும்மா நீன்னு கேட்டார். நீதான் கடைசி வரைக்கும் கூட இருந்த. அதனாலதான் என் வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடாம உன்கிட்ட சொல்றேன்.

அழாத, மருந்து நகந்துடும். நாளைக்குக் காலையில நரம்பு டாக்டரப் பாக்கணும். தனியாப் போக பயமா இருக்குக்கா. கூட வா.