ஆடு சம்மதம் சொன்ன கதை

பிள்ளைகளே, படப்பை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "நேத்து ஆடு சம்மதம் சொல்றதுக்கே மத்தியானம் ஆயிடுச்சு மச்சான்."

"ஆடு இன்னா, கையெழுத்தா போடும்?"

"கோயில்ல அது தலையில தண்ணி ஊத்துவோம். தலைய ஆட்டுனாத்தான் சாமி உத்தரவு, அப்புறந்தான் வெட்டணும். குடம் குடமா ஊத்தியும் அசையாம நின்னுகினு இருந்துச்சு."

"வூட்டுக்கே இட்டாந்துட வேண்டியதுதானே?"

"சொந்தக்காரங்க எல்லாம் சாப்பாட்டுக்கு வந்துட்டாங்களே. காதுக்குள்ள ஊத்தினோம். ஆட்டிடுச்சு."

"உன் காதுல ஊத்தினா நீயுந்தான் ஆட்டுவ."

பஸ் முடிச்சூரைத் தாண்டியது. பிறகு நண்பர் கேட்டார்: "அத வளர்த்தது உன் பொண்ணாச்சே. இன்னா சொல்லுது?"

"நேத்துலேர்ந்து சோறு துன்னல. வேணுமா, வேணாமான்னு கேட்டாக்கூட தலைய ஆட்ட மாட்டேங்குது."