வண்டிக்கு முன்னால் யார் நிற்பது

ஆடுகோடி ஸ்டாப்பில் பஸ் ஏறிய மெக்கானிக் பெண்ணுக்கு நகமெல்லாம் கிரீஸ். பக்கத்தில் இருந்த தோழியிடம் சத்தமாகவே சொன்னாள்: "ஓனரையே வண்டி முன்னாடி நிக்கச் சொல்லிட்டேன்டி!"

"எந்த வண்டி?"

"அவர் தோட்டத்துல காட்டுப்பன்னி விரட்டுற நாலு சக்கர பைக். பிரேக் தேஞ்சுபோச்சு, மாத்தணும்னேன். 'ஓடுதுல்ல, அப்படியே குடும்மா'ன்னாரு. சரி சார், நீங்க முன்னாடி நில்லுங்க, நான் ஓட்டிட்டு வந்து பிரேக் அடிக்கிறேன்னேன்."

"நின்னாரா?"

"ஓரமா போயிட்டாரு. அப்ப தினமும் அதை ஓட்டுற உங்க தோட்டத்து ஆள் முனிராஜு மட்டும் சாகலாமான்னேன். உடனே புது பிரேக் வாங்கிக் குடுத்தாரு. மாட்டிட்டு நான் முன்னாடி நின்னேன், அவரை ஓட்டிட்டு வரச் சொன்னேன்."

"அய்யோ! நின்னுச்சா?"

"என் முட்டிக்கு ஒரு சாண் முன்னாடி. அவருதான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு பிரேக் அடிச்சாரு."